முதலில் வாய் திறப்பது யார்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, எங்கள் மகளிர் குழுவில் 14 பேர் இருக்கிறோம். கூட்டத்தில், குழுவை நடத்தும் ஊக்குநர் என்ன சொன்னாலும் எல்லோரும் "சரி" என்றுதான் சொல்கிறோம். வெளியே வந்ததும் ஒரே முணுமுணுப்பு. அதிலும் இந்த மாதம் யாருக்குக் கடன் என்ற பேச்சு வந்தால் ரொம்ப மோசம். ஊக்குநர் கெட்டவர் இல்லை. அப்புறம் ஏன் இப்படி?
– ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989-ல் உங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கின. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர்தான் இருக்க வேண்டும் என்று வைத்ததே எல்லோரும் எல்லோரோடும் பேச முடியும் என்பதால்தான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஆள் குறைவாக இருந்தால் மட்டும் பேச்சு வந்துவிடாது.

1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். அந்த மூன்றில் முதல் கோட்டின் அளவுக்குச் சமமானது எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், சின்னப் பிள்ளைகூட சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள், எல்லோரும் ஒரே தவறான பதிலைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள், கடைசியில்தான் அந்த ஒருவரின் முறை வரும். இப்படி உட்கார வைக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறான பதிலைச் சொன்னார்கள். வெறும் கோட்டுக்கே இப்படி என்றால், வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுகிற, தினமும் தெருவில் முகம் பார்க்க வேண்டிய ஒருவர் "இந்தத் தடவை இவருக்குக் கொடுத்துடலாமா?" என்று கேட்டால் யார் மறுத்துப் பேசுவார்கள்? அதனால் பேசாமல் இருப்பவர்களைக் கோழைகள் என்று நினைக்காதீர்கள்.

அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. கூட்டத்தில் வேறு ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் போதும், இவருக்கும் தைரியம் வந்துவிடுகிறது. பதிலைச் சத்தமாகச் சொல்லாமல் காகிதத்தில் எழுதச் சொன்னாலும் அப்படித்தான். ஆகவே அடுத்த கூட்டத்துக்கு முன்பே உங்களைப் போல நினைக்கிற ஒருவரிடம் பேசி வையுங்கள், இரண்டு பேராகச் சொல்லுங்கள். கடன் விஷயத்தில் ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் போடட்டும், எழுத வராதவர்களுக்கு அவர்கள் நம்புகிற ஒருவர் எழுதித் தரட்டும், அதற்குப் பிறகு தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். முக்கியமாக, ஊக்குநரைக் கடைசியில் பேசச் சொல்லுங்கள். பழைய யூத நீதிமன்றங்களில் மரண தண்டனை வழக்கு என்றால் இளைய நீதிபதிகள்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும் என்று விதி இருந்தது. பெரியவர் பேசிவிட்டால் சின்னவர்கள் மாற்றிப் பேச மாட்டார்கள் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

கேள்வி: மேலதிகாரி செய்யும் தவறைச் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறான் என்கிறார்கள். தன்மையாகச் சொன்னால் காதிலேயே விழுவதில்லை. எப்படித்தான் சொல்வது?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: 1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில் கடும் மூடுபனி. டச்சு விமானம் ஒன்று அனுமதி வரும் முன்பே ஓடுபாதையில் கிளம்பிவிட்டது. எதிரே இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் சந்தேகத்தோடு கேட்டார். கேப்டன், அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர், விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். அந்தப் பொறியாளரின் கேள்வியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும், அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, வாய்விட்டும் கேட்டுவிட்டார், ஆனால் "நிறுத்துங்கள்" என்று சொல்ல முடியவில்லை.

இது போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் விமானிகளுக்குப் பேசவே பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். அதில் சொல்லித் தரும் முறை உங்களுக்கும் உதவும். முதலில் அவரை அழைத்துக் கவனத்தைத் திருப்புங்கள், உங்களுக்குக் கவலையாக இருக்கிறது என்று சொல்லுங்கள், எதனால் என்று சொல்லுங்கள், என்ன செய்யலாம் என்று நீங்களே ஒரு வழி சொல்லுங்கள், கடைசியாக "அப்படிச் செய்யலாமா சார்?" என்று கேட்டுப் பதில் வாங்குங்கள். "சார், இந்த அளவிலேயே வெட்டினால் ஆர்டர் திரும்பி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, சாம்பிளில் ஒரு அங்குலம் கூட இருக்கிறது, ஒரு பீஸ் மட்டும் வெட்டிப் பார்த்துவிடலாமா?" இதில் மரியாதையும் குறையவில்லை, விஷயமும் மழுங்கவில்லை.

கேள்வி: குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா பொய்ச் செய்திகளாக அனுப்புகிறார். திருத்தலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: திருத்துங்கள், ஆனால் குழுவில் வேண்டாம். தனியாகப் போன் செய்து, "சித்தப்பா, இது பழைய வீடியோ, நீங்களே எடுத்துடுறீங்களா?" என்று கேளுங்கள். சின்னவர்கள் முன்னால் தலைகுனிய நேர்ந்தால் அந்தச் செய்தியை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்.

கேள்வி: எனக்கு 31 வயது. அப்பாவிடம் எதையும் நேராகச் சொன்னதில்லை, எல்லாம் அம்மா மூலம்தான். இப்போது அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கக் கோபத்தையும் வாங்கி, ஓரம் மழுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அம்மா. உடம்பு முடியாத இந்த நேரத்திலும் அவரைத் தூது அனுப்பாதீர்கள். அப்பாவுக்கும் உங்களிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருக்கலாம். பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். அம்மாவின் மாத்திரை, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள், டாக்டர் சொன்னது, இவற்றை இனி அப்பாவுக்கே போன் செய்து சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் பொதுவான கவலை அது, அவர் கேட்டுக்கொள்வார். உங்கள் கல்யாணம், வேலை மாற்றம் எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.