படலைத் தூணில் இடித்த கார்: காப்புறுதி கேட்கலாமா?

கேள்வி: நான் உரும்பிராயில் இருக்கும் ஆசிரியை. போன கிழமை எங்கள் வாகன் ஆர் காரைப் பின்னுக்கு எடுக்கையில் வீட்டுப் படலைத் தூணிலேயே இடித்துவிட்டேன். பின் பம்பர் வெடித்து, பக்கத்துத் தகரமும் நெளிந்துவிட்டது. கராஜில் 55,000 ரூபா சொல்கிறார்கள். காப்புறுதிக் கம்பனிக்கு உடனே அழைத்தேன். வந்து படம் எடுத்துப் போனார்கள். கிளைம் படிவத்தை நான் இன்னும் கொடுக்கவில்லை. எங்களுக்கு நோ கிளைம் போனஸ், அதாவது நட்டஈடு கேட்காமல் இருந்ததற்குக் கட்டணத்தில் தரும் கழிவு, 50 வீதம் உண்டு. கிளைம் எடுத்தால் அது 30 ஆகக் குறைந்து, பிறகு வருடம் 10 வீதமாக ஏறுமாம். போனஸ் இல்லாத கட்டணம் 160,000. நட்டத்தில் முதல் 10,000 எங்கள் பொறுப்பு. "காசு கட்டுவதே இதுக்குத்தானே" என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: ரீச்சர், கணவரின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் காசு, கார் நொருங்கினால் அல்லது யாரையாவது இடித்துவிட்டால் குடும்பம் தெருவுக்கு வராமல் இருக்கக் கட்டியது. பம்பருக்கு அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

இப்போது 80,000 கட்டுகிறீர்கள். கிளைம் எடுத்தால் அடுத்த வருடம் 112,000. அதற்கடுத்த வருடம் 96,000. மூன்றாம் வருடம்தான் பழைய இடத்துக்கு வருவீர்கள். கூடுதலாகப் போவது 48,000. அதற்குமேல் 18 வீத வற் வரியும் சேர்ந்தால் 56,640. சரி, கம்பனி தருவது எவ்வளவு? 55,000இல் உங்கள் 10,000 கழிந்தால் 45,000. பழைய காரின் பம்பர் என்று தேய்மானமும் கழித்தால் அதுவும் குறையும். 45,000 வாங்க 56,640 கொடுக்கிறீர்கள். வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அந்த 56,640உம் உங்கள் பொறுப்பான 10,000உம் சேர, உங்கள் கணக்கில் திருத்தச் செலவு 67,000 அளவைத் தாண்டினால்தான் கிளைம் லாபம். அதனால் முடிவெடுக்க முதல் ஒன்று செய்யுங்கள்: பம்பரைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். வெளியே ஒரு வெடிப்புத்தான் தெரியும், உள்ளே இரும்புச் சட்டம் வளைந்திருக்கும். டிக்கிக் கதவு முன்போல் பூட்டுப்படுகிறதா, பின் விளக்கின் பிடி உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 55,000 என்பது 90,000 ஆனால் என் பதிலும் மாறும்.

இன்னொன்று. கராஜ்காரர் முதலில் கேட்டிருப்பாரே, "இன்சூரன்ஸோ, கைக்காசோ?" என்று. அந்த 55,000 எந்தப் பதிலுக்குச் சொன்ன விலை? கைக்காசு என்று சொல்லி இன்னும் இரண்டு இடத்தில் கேளுங்கள். வெடிப்பைச் சூடு காட்டி ஒட்டிப் பெயின்ற் அடிக்கலாம். அது சரிவராவிட்டால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பம்பர் எடுத்து பஸ்ஸில் போடுவிக்கலாம்; நிறம் ஒத்துவந்தால் பெயின்ற் காசும் மிச்சம்.

யாராவது உறவுக்காரர் ஒரு யோசனை சொல்லத்தான் போகிறார்: "இப்ப விடு, பிறகு பெரிசா ஏதும் அடிபட்டா இதையும் சேர்த்துக் காட்டு." கேட்காதீர்கள். அது பொய்க் கிளைம். பார்க்க வருபவர் வெடிப்புக்குள் விரலை விடுவார்; உரும்பிராய்ச் செம்மண் அதில் மாதக்கணக்காக இறுகிக் கிடக்கும், நெளிந்த தகரத்தில் கறள் பிடித்திருக்கும். போதாததற்கு இந்த இடியின் படம் ஏற்கனவே அவர்களிடம் இருக்கிறது. நியாயமாகக் கிடைக்க வேண்டிய பெரிய தொகையும் அதோடு நின்றுபோகலாம்.

இதெல்லாம் தூணோடு மோதியதற்கு. இன்னொருவரின் வாகனமோ உடம்போ சம்பந்தப்பட்டிருந்தால் கணக்கே பார்க்க வேண்டாம். வீதியில் நின்று காசு கொடுத்துச் சமாளிக்காமல் கம்பனிக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். இன்று "ஒண்டுமில்லை" என்று போனவர் நாளைக்கு ஸ்கான் துண்டோடு வருவார்.

அப்புறம், உங்கள் அழைப்பால் கம்பனியில் ஒரு கோப்பு திறந்திருக்கும். "நட்டஈடு கோரவில்லை, கோப்பை மூடவும்" என்று எழுதிக் கொடுத்து, மூடியதாக எழுத்திலேயே பதில் வாங்குங்கள். புதுப்பிக்கும் துண்டு வந்ததும் 50 வீதம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.