ரொவெரேத்தோ கோட்டையில் யாருடைய போர்?

அன்புள்ள ஐயா,

ம்யூனிக்கில் வேலை பார்க்கிறேன். போன மாதம் நான்கு நாள் விடுமுறை கிடைத்தது. வெரோனா ரயிலில் ஏறி, பிரென்னர் கணவாயைத் தாண்டி, வடக்கு இத்தாலியில் ரொவெரேத்தோ என்ற சிறிய ஊரில் இறங்கினேன். பழைய கோட்டை ஒன்று பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. உள்ளே போனால் அது போர் அருங்காட்சியகமாக இருக்கிறது. துப்பாக்கி, சீருடை, தலைக்கவசம், மறுபடியும் துப்பாக்கி. ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். இடைக்காலக் கோட்டையைக் கோட்டையாகவே விட்டுவைத்திருக்கலாமே? போரில் வென்ற பெருமையை நூறு வருடம் கழித்தும் காட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? அந்த ஊருக்குப் போனதாக நீங்கள் எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

இன்னொன்று. ராத்திரி எங்கோ ஒரு பெரிய மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐம்பது வரை எண்ணிவிட்டுத் தூங்கிவிட்டேன். அது என்ன மணி?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

துப்பாக்கி விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான். பத்தாவது துப்பாக்கிக்கு மேல் எனக்கும் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. ஆனால் மற்ற இரண்டிலும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

முதலில் கோட்டை. அங்கே ஒரு கோட்டை எழும்பியதற்கே நீங்கள் வந்த ரயில் பாதைதான் காரணம். பிரென்னரில் இறங்கி ஆதிஜே ஆற்றை ஒட்டி இத்தாலிக்குள் போகும் வழி அது. ஜெர்மானியப் பேரரசர்கள், வணிகர்கள், படைகள் எல்லோருக்கும் அதே வழி. கஸ்தெல்பார்கோ என்ற பிரபுக் குடும்பம் அங்கே கோட்டையை வளர்த்தது. 1416-ல் ஊர் அப்போது தனிக் குடியரசாக இருந்த வெனிஸ் கைக்குப் போனது. வெனிஸ்காரர்களுக்கு அந்தப் பள்ளத்தாக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கதை போதும். 1439-ல் மிலானோடு சண்டை. கார்தா ஏரியில் அவர்களுக்குக் கப்பல் தேவைப்பட்டது. ஆதிஜே ஆற்றில் எதிரோட்டமாகக் கப்பல்களைக் கொண்டுவந்து, ரொவெரேத்தோவுக்குப் பக்கத்தில் கரையேற்றி, மாடு பூட்டி மலைமேல் இழுத்து ஏரியில் இறக்கினார்கள். கட்டுக்கதை இல்லை, நிஜமாகவே நடந்தது.

1487-ல், வடக்கே ஆல்ப்ஸ் மலையில் இருந்த திரோல் நாட்டின் ஆட்சியாளர் சிகிஸ்முண்டின் படை கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தது. அதே வருடம் ஆகஸ்டில் பக்கத்து ஊரான கல்லியானோவில் வெனிஸ் தோற்றது. வெனிஸ் தளபதி ரொபெர்த்தோ சான்செவெரீனோ அந்தச் சண்டையில் செத்தார். ஆனாலும் சமாதானப் பேச்சில் ஊர் வெனிசுக்கே திரும்பி வந்தது. சூடுபட்டவர்கள் சும்மா இருப்பார்களா? கோட்டையையே மாற்றிக் கட்டினார்கள். நீங்கள் பார்த்த அந்தத் தடித்த, குட்டையான, வட்டக் கோபுரங்கள் அந்தக் காலத்தவை. உயர்ந்து நிற்கும் சதுரக் கோபுரம் பீரங்கிக் குண்டுக்கு எளிதில் சரிந்துவிடும். வட்டமாகவும் தடிமனாகவும் இருந்தால் தாங்கும், மேலே நம் பீரங்கியையும் வைத்துக்கொள்ளலாம். ஆக, நீங்கள் கேட்கும் 'இடைக்காலக் கோட்டை'யைப் பெருமளவு பீரங்கி அப்போதே தின்றுவிட்டது. இவ்வளவு செலவு செய்தும் 1509-ல் வெனிஸ் வேறோர் இடத்தில் தோற்க, ஊர் பேரரசர் மாக்சிமிலியனிடம் போனது. பிறகு நானூறு வருடம், நடுவில் நெப்போலியன் காலம் போக, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஆட்சிதான். கோட்டை கடைசியில் ராணுவக் குடியிருப்பானது. எந்தக் காலத்திலும் அது அரண்மனையாக வாழ்ந்த கட்டடம் இல்லை.

இப்போது 'வென்ற பெருமை'.

1914-ல் ரொவெரேத்தோ இத்தாலியில் இல்லை. இத்தாலி மொழி பேசும் ஊர், ஆனால் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்தது. முதல் உலகப் போர் தொடங்கியதும், ரொவெரேத்தோவை உள்ளடக்கிய திரெந்தீனோ பகுதி ஆண்களுக்கு ஆஸ்திரியச் சீருடை மாட்டி, ரஷ்யர்களோடு சண்டை போட கலீசியாவுக்கு (இன்றைய போலந்து, உக்ரைன் பக்கம்) அனுப்பினார்கள். மொத்தம் 60,000 பேர் வரை போனார்கள். 11,000-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. ரஷ்யாவிடம் சிறைப்பட்டவர்களின் கதை தனி. சிலர் சைபீரியா வழியாகக் கிழக்குக் கடற்கரைவரை போய், சீனாவைத் தொட்டு, உலகத்தைச் சுற்றிக்கொண்டு 1920-ல்தான் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

1915 மே மாதம் இத்தாலி ஆஸ்திரியாமேல் போர் அறிவித்தது. போர்முனை ரொவெரேத்தோவின் வாசலுக்கே வந்துவிட்டது. ஊரில் மிச்சமிருந்த பெண்கள், குழந்தைகள், கிழவர்களை ரயிலில் ஏற்றி ஆஸ்திரியாவின் உள்பகுதிகளுக்குக் கொண்டுபோனார்கள். பலருக்குக் கிடைத்தது மிட்டெர்ன்டோர்ஃப் போன்ற முகாம்களின் மரக்கொட்டகை. காலியான ஊரும் கோட்டையும் குண்டடிபட்டன.

எல்லை தாண்டி ஓடிப்போய் இத்தாலியப் படையில் சேர்ந்த திரெந்தீனோக்காரர்களும் உண்டு. ஆயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள். வியன்னா நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த சேசரே பத்திஸ்தி அவர்களில் ஒருவர். 1916 ஜூலையில் அவரும் ஃபாபியோ ஃபில்ட்சியும் ஆஸ்திரியர்களிடம் பிடிபட்டார்கள். இரண்டே நாளில் திரெந்தோ நகரக் கோட்டையில் தூக்கு. ரொவெரேத்தோவில் பிறந்த தமியானோ கியேசாவை அதற்கு இரண்டு மாதம் முன்பு அதே இடத்தில் சுட்டார்கள். 22 வயது நிறையவில்லை.

போர் முடிந்து ஊர் இத்தாலியோடு சேர்ந்தது. 1921 அக்டோபரில் மன்னர் மூன்றாம் வித்தோரியோ இம்மானுவேலே வந்து அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். அது யாருடைய கதையைச் சொல்லியிருக்கும்? பத்திஸ்தி, ஃபில்ட்சி, கியேசா, இத்தாலியப் படையின் வெற்றி. அவர்களின் தியாகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் திறப்பு விழாவுக்குக் கூடிய கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். மகனையோ புருஷனையோ கலீசியாவில் பறிகொடுத்தவர்கள் அதில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்! அவர்கள் வீட்டுச் சாவு தப்பான சீருடையில் நடந்த சாவு. அதற்கு அங்கே இடமில்லை. மறுவருடம் முசோலினி ஆட்சிக்கு வந்தபின் அதைப் பேசவும் வழியில்லாமல் போயிற்று.

இது மாறப் பல பத்தாண்டுகள் ஆயின. 1980-களில் உள்ளூர் வரலாற்றாய்வாளர்கள் சிலர் பரணிலும் பெட்டியிலும் கிடந்த சிப்பாய்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தேட ஆரம்பித்தார்கள். விவசாயிகள், கூலிக்காரர்கள் எழுதியவை. எழுத்துப்பிழையை அப்படியே வைத்துப் பதிப்பித்தார்கள். பின்னாளில் அந்தப் பதிப்பு வேலையில் அருங்காட்சியகமும் கைகோத்துக்கொண்டது. வென்றவரின் கதைக்காகத் திறந்த இடத்துக்குள், தோற்ற பக்கம் நின்ற சொந்த ஊர்க்காரன் எழுபது வருடம் கழித்து நுழைந்தான். சொல்லப்போனால், நீங்கள் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்ததில் எனக்கு வருத்தம் இதனால்தான். எந்தச் சீருடை யாருடையது என்று பார்த்துக்கொண்டே நடந்திருந்தால் பெருமை என்ற சொல் உங்களுக்கு வந்திருக்காது.

பெரிய பீரங்கிகளை நீங்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றுமில்லை. அவை கோட்டைக்குள் இல்லை. அடிவாரத்தில், லேனோ ஆற்றின் பக்கம், பாறையைக் குடைந்த ஒரு சுரங்கத்தில் நிற்கின்றன. அது இரண்டாம் உலகப் போரில் ஊர்மக்கள் விமானக் குண்டுக்குப் பயந்து பதுங்கிய இடம். முதல் போரின் பீரங்கிகள், இரண்டாம் போரின் பதுங்குகுழியில்.

அப்புறம் அந்த மணி. பெயர் மரியா தோலென்ஸ். போரின்போது ஆஸ்திரிய ராணுவம் தேவாலய மணிகளை இறக்கி ஆயுதத்துக்காக உருக்கியது. ரொவெரேத்தோவின் பாதிரியார் அந்தோனியோ ரொஸ்ஸாரோ அதைத் தலைகீழாகச் செய்ய ஆசைப்பட்டார். போரிட்ட 19 நாடுகளின் பீரங்கி வெண்கலத்தைக் கேட்டு வாங்கி, 1924-ல் மணியாக வார்த்தார். மறுவருடம் அது ஏறியது அந்தக் கோட்டையின் மலிபியேரோ கோபுரத்தில்தான். வெனிஸ்காரர்கள் பீரங்கிக்காகக் கட்டிய கோபுரங்களில் அதுவும் ஒன்று. 1939-ல் ஒருமுறை மறுபடி வார்த்தார்கள். 1960-ல் விரிசல் விட்டது. 1964-ல் 22 டன்னுக்கும் மேலான எடையில் மீண்டும் வார்த்தபோது கோட்டைக்குத் திரும்பவில்லை. ஊருக்கு வெளியே மிராவாலே குன்றில் இருக்கிறது.

தினமும் இருட்டியபின் நூறு முறை அடிப்பார்கள். நீங்கள் பாதியில் தூங்கியிருக்கிறீர்கள்.