மாணவரின் ஆர்வத்தைப் பின்தொடர்ந்து வரலாறு கற்பிப்பது என்றால் என்ன?

மாணவர் கேட்கும் கேள்வியிலிருந்தே வரலாற்றுப் பாடத்தைத் தொடங்குவதுதான் இது. கீழடியில் கிடைத்த பானை ஓட்டின் படத்தைக் காட்டுங்கள், அதில் 'ஆதன்' என்ற பெயர் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் கீறியிருக்கும். "எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுகிற மாதிரியா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும்; எழுதியது குயவரா, வாங்கியவரா, கையெழுத்து ஏன் ஓட்டுக்கு ஓடு மாறுகிறது, அப்போ சாதாரண ஆட்களுக்கும் எழுத்து தெரியுமா என்று வகுப்பே கிளம்பிவிடும். தானே கேட்டுத் தேடிய பதில் மனதில் தங்குகிறது, மனப்பாடம் செய்த ஆண்டு தேர்வோடு போய்விடுகிறது. இப்படிக் கற்பிப்பதற்கு அதுதான் காரணம். இதில் ஆசிரியருக்கு வேலையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் வேலை கூடுதல், எந்த ஓட்டைக் காட்டுவது, "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று எப்போது திருப்பிக் கேட்பது எல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது.