தொல்லியல் படிக்கணுமா? வடசென்னைப் பிள்ளைகள் கேட்டவை

திருவொற்றியூரில் வளர்ந்து, தொல்லியலில் முதுகலை முடித்து, அகழாய்வுக் குழிகளில் வேலை பார்த்தவள் நான். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து நம்ம பக்கத்துப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

அக்கா, நான் காமர்ஸ் குரூப். தொல்லியல் படிக்க முடியுமா? – தண்டையார்பேட்டை மாணவி

முடியும்மா. முதலில் பி.ஏ. வரலாறு சேர்ந்துவிடு. முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே தொல்லியல் துறை இருக்கிறது, சேப்பாக்கத்துக்கு பஸ்ஸில் போய்வரலாம்.

வரலாறும் தொல்லியலும் ஒன்றுதானே? – கொருக்குப்பேட்டை மாணவர்

இல்லை தம்பி. கோயில் விளக்குக்கு யார் ஆடு கொடுத்தார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லும். ஆடு மேய்த்தவர் வீட்டில் எந்தப் பானையில் சோறு வெந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதைப் பானை ஓடுகளையும் அடுப்புச் சாம்பலையும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குத் தொல்லியல் பிடித்ததே அதனால்தான்.

களத்தில் என்னதான் செய்வீர்கள்? – வியாசர்பாடி மாணவி

மண்வெட்டியை விடக் கொத்துக்கரண்டிக்கும் பிரஷுக்கும்தான் வேலை அதிகம். மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, அளந்து, எழுதி, படம் எடுத்த பிறகுதான் அடுத்த அடுக்கு. அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. தோண்டிய மண்ணைத் திரும்ப அடுக்க முடியாது.

கல்வெட்டைத் தாளில் படி (நகல்) எடுப்பது இன்னொரு வேலை. கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷால் தட்டுவோம். அப்புறம் மைப்பந்தால் ஒற்றினால் கருப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழும். கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் மங்கலச் சொல்லான 'ஸ்வஸ்திஸ்ரீ' முதல் தடவை தெரிந்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அப்பாவுக்குக் காசிமேட்டில் மீன்பிடித் தொழில். வேலை கிடைக்குமா என்று கேட்கிறார். – காசிமேடு மாணவர்

அப்பா கேட்பது நியாயம். பணியிடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். மாநிலத் தொல்லியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வு வரும். அகழாய்வுத் தற்காலிக வேலை சில மாதம் இருக்கும், சில மாதம் இருக்காது. அதனால் பி.எட்.டோ, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வோ கூடவே முடித்து வை. வரலாறு படித்தது குரூப் தேர்வுகளுக்கும் உதவும்.

தமிழ் மீடியம். இங்கிலீஷ் தடுமாறும். – மணலி மாணவி

கல்வெட்டு உன் மொழியில் இருக்கிறது, பயப்படாதே. அகழாய்வு அறிக்கைகள் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் வரும். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து தினம் இரண்டு பக்கம் படி, பழகிவிடும்.

இப்போதே எதைப் பார்க்கலாம்? – எண்ணூர் மாணவர்

உங்க ஊரில் கடலில் சேர்கிறதே கொசஸ்தலை ஆறு, அதன் கரையோரமாக மேலே போனால் அதிரம்பாக்கம். 1863இலேயே ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் அங்கே கற்கருவிகளைக் கண்டார். அவற்றில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இல் ஆய்வு வெளிவந்தது. பக்கத்தில் பூண்டியில் அருங்காட்சியகமும் இருக்கிறது. போனால் ஒரு கல்லைக்கூடப் பையில் போடாதே. கிடந்த இடத்தை விட்டு எடுத்தால் அதன் கதையில் பாதி போய்விடும். படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்குச் சொல்.