எச்.டி.எல். குறைந்தால் மாரடைப்பு வருமா? மரபணு மதிப்பெண் காட்டும் விடை

‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல். ரத்தத்தில் குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறதே, அதுதான் காரணமா, மரபணுவை வைத்து அதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எச்.டி.எல். குறைந்தவர்களிடம் பெரும்பாலும் தொப்பை, சர்க்கரை, உயர்ந்த டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) எல்லாம் கூடவே இருக்கும். எது குற்றவாளி என்று ரத்தப் பரிசோதனையால் மட்டும் சொல்ல முடியாது.

மரபணு இங்கேதான் கைகொடுக்கிறது. அப்பா அம்மாவிடமிருந்து எது வரும் என்பது கருவிலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல முடிவாகிவிடுகிறது; பின்னால் பிடிக்கும் சிகரெட் அதை மாற்றாது. ஒவ்வொரு மரபணு மாற்றமும் எச்.டி.எல்.லைக் கொஞ்சம்தான் கூட்டும். அதனால் பலவற்றை, விளைவுக்கேற்ற எடை கொடுத்துக் கூட்டி, ஒருவருக்கு ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். எச்.டி.எல்.தான் காரணமென்றால், அதை உயர்த்தும் மதிப்பெண் கூடியவர்களுக்கு மாரடைப்பு குறைந்தாக வேண்டும்.

2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்றில் அப்படிக் குறையவில்லை. எச்.டி.எல்.லோடு மட்டும் தொடர்புள்ள 14 மாற்றங்களின் மதிப்பெண்ணுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல்.லுக்கான 13 மாற்றங்களின் மதிப்பெண்ணோ, கூடக் கூட மாரடைப்பையும் கூட்டியது. டார்செட்ரபிப் என்ற மருந்தும் எச்.டி.எல்.லை நன்றாகவே உயர்த்தியது. ஆனால் எடுத்தவர்களிடம் இறப்பு கூடியதால் 2006-லேயே சோதனையை நிறுத்தினார்கள். எச்.டி.எல். குறைவது மாரடைப்புக்கு நேரடிக் காரணமல்ல என்பதற்கு, என் பார்வையில் இவை இரண்டும் சேர்ந்தே வலுவான சான்று.

ஒரு எச்சரிக்கை: மதிப்பெண்ணில் உள்ள மரபணு வேறு வழியிலும் இதயத்தைப் பாதித்தால் முடிவு தவறிவிடும். ஐரோப்பியர்களை வைத்து உருவாக்கிய மதிப்பெண்கள் தெற்காசியர்களான நமக்கு அதே அளவு பொருந்துவதும் இல்லை.