நிலக்கரியோடு பழைய இன்ஜின் ஆயில்: தாரைப் பகுத்துப் பார்ப்பது எப்படி? (கேள்வி பதில்)

நிலக்கரியில் கழிவு எண்ணெய் கலந்து, காற்றுப் படாமல் சூடாக்கும்போது வடியும் தாரைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

முதுகலை மாணவி: மேடம், 600 டிகிரியில் எடுத்த தாரை ஜிசி-எம்எஸ்ஸில் (ஆவியாக்கிப் பிரிக்கும் ஜிசியும், நிறையைக் கொண்டு அடையாளம் காட்டும் எம்எஸ்ஸும் சேர்ந்த கருவி) போட்டேன். சீப்புப் பல் மாதிரி இரட்டை இரட்டையாகச் சிகரங்கள் வருகின்றன. கருவியில் கோளாறா?

கோளாறு இல்லை, எண்ணெயின் கையெழுத்து அது. நீளமான ஹைட்ரோகார்பன் சங்கிலி உடையும்போது ஒவ்வொரு கார்பன் எண்ணுக்கும் ஓர் ஆல்கீனும் (இரட்டைப் பிணைப்பு உள்ள சங்கிலி) ஓர் ஆல்கேனும் (ஒற்றைப் பிணைப்பு மட்டும் உள்ள சங்கிலி) கிடைக்கும். ஆல்கீன் சற்று முன்னால் வரும், ஆல்கேன் ஒட்டியே பின்னால் வரும். எம்எஸ்ஸில் நிறை 55 (ஆல்கீனின் துண்டு), 57 (ஆல்கேனின் துண்டு) இரண்டையும் தனியே பிரித்துப் பாருங்கள், தெளிவாகிவிடும்.

ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். சிகரங்களுக்கு அடியில், பிற்பகுதியில், மேடு மாதிரி ஒன்று எழும்பியிருக்கிறதா? அது உடையாமல் ஆவியாகி வந்து குளிர்ந்த எண்ணெயாகவே இருக்கலாம். அப்படியென்றால் நிலக்கரியோடு வினை நடந்தது என்று எழுத முடியாது. அதனால்தான் யார் கேட்டாலும் ஒன்றைச் சொல்கிறேன்: நிலக்கரி மட்டும், எண்ணெய் மட்டும், கலவை என்று மூன்று ஓட்டம் ஓட்டுங்கள். முதல் இரண்டையும் கலந்த விகிதத்தில் கூட்டிப் பாருங்கள். கலவையின் தார் அந்தக் கணக்கிலிருந்து எங்கே விலகுகிறதோ, அங்கேதான் உங்கள் ஆய்வு இருக்கிறது.

உருக்காலைப் பொறியாளர்: எங்கள் தாரில் ஆல்கேனே இல்லை, நாப்தலீன்தான் பெரிய சிகரம். போட்ட எண்ணெய் எங்கே போனது?

கோக் (நிலக்கரியைச் சூடாக்கியபின் மிஞ்சும் கெட்டிக் கரி) தயாரிக்கும் அடுப்பில் சுவர் 1000 டிகிரிக்கு மேல் இருக்கும். எண்ணெயும் நிலக்கரியும் பெரும்பாலும் 350 முதல் 500 டிகிரிக்குள் ஆவியை விட்டுவிடும், ஆனால் அந்த ஆவி சூடான சுவரையும் மேல்வெளியையும் தாண்டித்தான் வெளியேற வேண்டும். அந்த வழியில் சங்கிலிகள் உடைந்து வாயுவாகும், ஒரு பங்கு வளையமாக மூடி, நாப்தலீன் போன்ற அரோமேட்டிக் (பென்சீன் வளையம் உள்ள சேர்மம்) ஆகும். உயர்வெப்பத் தாரில் நாப்தலீன் மட்டும் சுமார் 10 சதவீதம். தாழ்வெப்பத் தாரில் ஃபீனால் வகைகளே மேலோங்கும். வெப்பநிலையையும், ஆவி உள்ளே தங்கிய நேரத்தையும் குறிக்காத தார் முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது.

சிகரத்தின் பரப்பு 12 சதவீதம் என்றால் தாரில் 12 சதவீதம் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். ஆவியாகக்கூடியதை மட்டுமே ஜிசி பார்க்கிறது. கோக் அடுப்புத் தாரில் ஏறக்குறைய பாதி பிட்ச் (தாரை வடித்தபின் மிஞ்சும் கெட்டி எச்சம்), அதில் பெரும்பகுதி ஜிசியின் கண்ணில் படாது. டொலுயீன், குயினோலின் என்ற கரைப்பான்களில் கரையாத பங்குகளைத் தனித்தனியே எடை போடுங்கள். முழுத் தாரின் குணம் தெரிய புரோட்டான் என்எம்ஆர் (ஹைட்ரஜன் எந்தச் சூழலில் இருக்கிறது என்று காட்டும் காந்த அளவீடு) நல்லது: அதன் அளவுகோலில் 6.5 முதல் 9 பிபிஎம் வரை அரோமேட்டிக், அதற்குக் கீழே பெரும்பாலும் கொழுப்புச் சங்கிலி. தனிச் சேர்மத்தின் அளவு வேண்டுமென்றால் உள்தரச் சேர்மம் (அளவு தெரிந்த ஒப்பீட்டுச் சேர்மம்) சேர்த்து அளவீடு செய்தே தீர வேண்டும்.

தாரில் தண்ணீர் கலந்திருக்கிறதே?

டொலுயீன் சேர்த்து, டீன்-ஸ்டார்க் அமைப்பில் (வடியும் தண்ணீரைத் தனியே பிடிக்கும் கண்ணாடி அமைப்பு) தண்ணீரை வடித்து எடுங்கள். அதற்கப்புறம்தான் எடைக் கணக்கு.

இன்ஜின் ஆயிலில் உள்ள துத்தநாகம், பாஸ்பரஸ்?

பாஸ்பரஸ் பெரும்பாலும் கோக்கிலேயே தங்கும். அது இரும்பில் ஏறும் என்பதால் உருக்காலைகள் விரும்புவதில்லை. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், ஆகவே எல்லாம் கோக்கில்தான் இருக்கும் என்று எண்ணிவிடாமல் தாரையும் கோக்கையும் ஐசிபியில் (தனிமங்களின் அளவைக் காட்டும் கருவி) பாருங்கள்.

கையுறை இல்லாமல் தொட்டுவிட்டேன், பயப்பட வேண்டுமா?

சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள், கரைப்பான் தேய்க்காதீர்கள். ஒரு முறை பட்டதற்குப் பதற வேண்டாம், தினமும் படுவதுதான் ஆபத்து. 1915இல் ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல் காதில் திரும்பத் திரும்பத் தார் தடவித்தான் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார்கள். 1933இல் லண்டனில் 2 டன் பிட்ச்சிலிருந்து பென்சோபைரீன் என்ற புற்றுநோய் உண்டாக்கும் சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். உங்கள் குப்பியிலும் அது இருக்கிறது. நைட்ரைல் கையுறை போடுங்கள், புகைபோக்கிப் பெட்டிக்குள் வேலை செய்யுங்கள். டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் கையுறைமேல் பட்டால் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும், உடனே கழற்றி மாற்றுங்கள்.