இலங்கையில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அமெரிக்காவின் மெடிக்கெய்ட் போல அரச மருத்துவக் காப்புறுதி உண்டா? வருமான எல்லை எவ்வளவு?

டெக்சாஸில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவை அப்படியொன்றில் பதியலாமா என்பதுதான் உங்கள் யோசனை.

அப்படி ஒரு காப்புறுதி இங்கே இல்லை. சிகிச்சைக்கு அது தேவையும் இல்லை. யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ துண்டெடுக்க வரிசையில் நிற்பவரிடம் யாரும் மாத வருமானம் கேட்பதில்லை. வார்ட்டில் நிறுத்தினாலும் ஒபரேஷன் செய்தாலும் பில் வராது. கூலிக்குப் போகிறவருக்கும் கடை முதலாளிக்கும் ஒரே மாதிரிக் கிளினிக் கொப்பிதான்.

உங்கள் பக்கம் கதை வேறு. மெடிக்கெய்ட்டைக் கூடுதலான பேருக்குத் திறந்துவிடும் விரிவாக்கத்தை ஏற்ற மாநிலங்களில் வறுமைக் கோட்டின் 138 வீதம் வரை வருமானம் உள்ள பெரியவர்களுக்குக் கிடைக்கும். 2025 கணக்குப்படி தனி ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 21,600 டொலர், நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஏறத்தாழ 44,400 டொலர். டெக்சாஸ் அந்த விரிவாக்கத்தை ஏற்கவில்லை. அக்காவை அங்கே கூப்பிடும் எண்ணம் இருந்தால் இதையும் யோசியுங்கள்: கிரீன் கார்ட் கிடைத்த பிறகும் மெடிக்கெய்ட்டுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும்.

இங்கே வருமானம் பார்க்கப்படுவது ஆஸ்பத்திரிக்கு வெளியே. வைத்தியம் இலவசம் என்றாலும் வருத்தம் வந்த வீட்டில் காசு கரையத்தான் செய்யும். மருந்து முடிந்திருந்தால் வெளியில் வாங்கச் சொல்லி எழுதித் தருவார்கள். ஸ்கானுக்குத் திகதி தள்ளிப்போனால் பிரைவேட்டுக்கு ஓட வேண்டும். நெடுந்தீவில் இருந்து வருகிறவர் குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ் என்று வந்து சேரவே பாதி நாள் போய்விடும். கூட வருகிறவரின் அன்றைய கூலியும் போச்சு. இந்தச் செலவைத் தாங்கத்தான், வறிய குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் தரும் அஸ்வெசும போன்ற கொடுப்பனவுகள் உதவும்.

அஸ்வெசுமவுக்கு ஒற்றை வருமான எல்லை கிடையாது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பகுதிகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். 2025 ஜனவரி முதல் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா, வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபா.

எங்கள் சனம் தவறவிடுவது சுகாதாரப் பகுதியைத்தான். என் பக்கத்து வீட்டு அக்கா வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர், அவருடைய வீட்டுக்காரருக்கு நெடுநாள் நீரிழிவு. கணக்கெடுக்க வந்தவர் வருமானம் கேட்டபோது, வெங்காயம் கிண்டுகிற மாதத்தில் கையில் வந்த காசைச் சொல்லிவிட்டார். வேலையே இல்லாத மாதங்களைச் சொல்லவில்லை. வீட்டுக்காரருடைய வருத்தத்தைச் சொல்ல வெட்கம். கிளினிக் கொப்பி சாமிப்படத் தட்டிலேயே கிடந்தது. பட்டியலில் பெயர் வராதபோது மேன்முறையீடு செய்யச் சொல்லி நானும் கூடப் போனேன். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பொறுக்கவில்லை: உண்மையாகவே கஷ்டப்படுகிற குடும்பம், கௌரவம் பார்த்து வாய் திறக்காததால் விடுபட்டுப் போகிறது.

ஆகவே உங்கள் அக்காவுக்குச் சொல்லுங்கள்: ஆண்டு முழுக்க வந்த வருமானத்தைக் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்துச் சொல்லட்டும். நீங்கள் அனுப்பும் காசையும் மறைக்க வேண்டாம். எப்போதாவது வருவதென்றால் அப்படியே சொல்லட்டும். வீட்டில் தீராத வருத்தமோ மாற்றுத்திறனோ உள்ள ஒருவர் இருந்தால் கிளினிக் கொப்பியையும் டயக்னோசிஸ் கார்ட்டையும் எடுத்து வைத்துக் காட்டட்டும். பெயர் விடுபட்டால் விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கேட்டு, மேன்முறையீட்டுக்குக் கொடுத்த காலம் முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிக் கொடுப்பனவு உண்டு. 2025 இல் அது 7,500 ரூபாவில் இருந்து 10,000 ஆனது. பெரிய சத்திரசிகிச்சைக்குக் காசு தேவைப்பட்டால் ஜனாதிபதி நிதியத்துக்கு எழுதலாம். அங்கே குடும்ப வருமானம் பார்ப்பார்கள். 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை.

அக்கா வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்று நீங்கள் எழுதவில்லை. அதைச் சொன்னால் எதற்கு முதலில் விண்ணப்பிப்பது என்று எழுதுகிறேன்.